82,300 இடம் இருக்கு, டிக்கெட் கவுன்ட்டர் இல்ல: 2024 ஹர்லிங் ஃபைனலுக்கு கார்க்ல ஒரு குடும்பம் டிக்கெட் தேடுன விவரம்

அயர்லாந்துல வந்து செட்டில் ஆன நம்ம ஆளுங்க ஜூலை மாசம் பொறந்தா தவறாம கேக்குற கேள்வி, ஆல் அயர்லாந்து ஃபைனல் டிக்கெட் எங்க விக்குறாங்க. மட்டையால பந்தடிக்கிற ஹர்லிங், அப்புறம் கேலிக் ஃபுட்பால், இந்த ரெண்டுலயும் கவுண்டிங்க (நம்ம மாவட்டம் மாதிரி) மோதுற போட்டியோட கடைசி மேட்ச் அது. எங்கயும் விக்கலங்கறதுதான் பதில். செமி ஃபைனல் வரைக்கும் டிக்கெட்மாஸ்டர்ல கிடைக்கும், சூப்பர்வேலு, சென்ட்ரா மாதிரி மளிகைக் கடைல கூட பால் பாக்கெட்டோட சேர்த்து வாங்கிட்டு வரலாம். ஃபைனல்னு வந்துட்டா அந்தக் கதவு மொத்தமா சாத்திருக்கும். பொது விற்பனையே கிடையாது. காசு வச்சிருக்கவனுக்கு இது முதல்ல புரியவே புரியாது, ஏன்னா காசு குடுத்து வாங்க முடியாத ஒரு மேட்ச நாம எங்க பாத்திருக்கோம்.

சும்மா விளக்கிட்டுப் போறத விட, எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு குடும்பம் 2024 ஜூலைல அந்த ரெண்டு வாரம் என்னென்ன பண்ணாங்கன்னு முழுசா எழுதுறேன், அதுலயே இந்த சிஸ்டம் எப்படி ஓடுது, எங்க நியாயமா இருக்கு, எங்க இல்லன்னு தெரிஞ்சுடும். அவங்களக் கேட்டுட்டுதான் எழுதுறேன், பேரு ஊரு கிளப் எதுவும் போடல. கார்க்ல இருக்காங்க, அப்பா ஆஸ்பத்திரில நர்ஸ், மதுரைக்காரர், என்னை அண்ணேன்னு கூப்பிடுவாரு, நான் அவர தம்பிம்பேன். அம்மா ஐடி. பையனுக்கு அப்ப பதினோரு வயசு, வீட்டுக்குப் பக்கத்து ஜிஏஏ கிளப்ல ரெண்டு மூணு வருஷமா ஹர்லிங் ஆடுறான், சாப்பிடும்போது கூட கைல அந்த மட்டை இருக்கும்.

பின்னணி கொஞ்சம்

ஜிஏஏங்கறது, அதாவது கேலிக் அத்லெட்டிக் அசோசியேஷன், 1884 நவம்பர் 1ம் தேதி டிப்பெரரில இருக்குற தர்லஸ் ஊர்ல ஒரு ஹோட்டல்ல கூடி ஆரம்பிச்ச சங்கம். ஹர்லிங், கேலிக் ஃபுட்பால் ரெண்டுக்கும் அதுதான் தலைமை. முக்கியமான விஷயம், ஆடுறவங்க யாருக்கும் சம்பளம் கிடையாது. 82,300 பேர் முன்னாடி ஞாயித்துக்கிழமை ஃபைனல் ஆடுற ஆள் வாத்தியாரா இருப்பாரு, எலக்ட்ரீஷியனா இருப்பாரு, திரும்ப தன் வேலைக்குத்தான் போவாரு. ஆடுறது அவர் பொறந்த ஊரு கிளப்புக்கு, அங்கிருந்து கவுண்டிக்கு. வேற டீமுக்கு விலைக்குப் போறது, ஏலம், அதெல்லாம் கிடையாது. கிளப் மைதானத்துல புல்லு வெட்டுறவர்ல இருந்து சின்னப் பசங்களுக்கு கோச்சிங் குடுக்குறவர் வரைக்கும் எல்லாமே சும்மா செய்யுறது.

அதனால ஃபைனல் டிக்கெட்டும் அதே வழிலதான் இறங்குது. டப்ளின்ல ஃபைனல் நடக்குற அரங்கமும் ஜிஏஏ தலைமையிடமுமான க்ரோக் பார்க்ல இருந்து கவுண்டி போர்டு, கவுண்டி போர்டுல இருந்து கிளப், கிளப்ல இருந்து மெம்பர். ஃபைனல்ல ஆடுற ரெண்டு கவுண்டிக்கும் பெரிய பங்கு, ஆனா ஆடாத மத்த கவுண்டி எல்லாத்துக்கும் கூட கொஞ்சம் போகும், வெளிநாட்டு கிளப்புக்கும் போகும். இது போக பிரீமியம் லெவல் சீட்டுன்னு ஒரு நடு அடுக்கு இருக்கு, வருஷக் கணக்குல ஒப்பந்தம் போட்டு எடுத்தவங்களோடது, கார்ப்பரேட் பாக்ஸ், ஸ்பான்சர், இவங்களுக்கெல்லாம் ஃபைனல் அதுலயே அடக்கம். சீசன் டிக்கெட் வச்சிருக்கவங்க தங்க கவுண்டி ஃபைனல் வந்து, அந்த வருஷம் போதுமான மேட்சுக்கு நேர்ல போயிருந்தா அவங்களும் வாங்கலாம். இதுக்கெல்லாம் வெளில நிக்கிற ஆளுக்கு மிச்சம்னு ஒண்ணும் வராது.

1961 ஃபுட்பால் ஃபைனல், டவுன் கவுண்டியும் ஆஃபலியும் ஆடுனது, அதுக்கு 90,556 பேர் வந்தது இன்னிக்கு வரைக்கும் ரெக்கார்டு. அப்ப ஜனங்க நெருக்கி நின்னு பாத்த இடம், இப்ப பெரும்பாலும் சீட்டு, நின்னு பாக்க அரங்கத்தோட ஒரு முனைல இருக்குற ஹில் 16 பக்கம் மட்டும்தான். அதனால கூட்டம் 82,300ல நின்னுடும், அதுக்கு மேல ஒருத்தர் கூட ஏற முடியாது.

அந்த ரெண்டு வாரம்

2024 ஜூலை 6ம் தேதி செமி ஃபைனல்ல கிளேர் கவுண்டி கில்கென்னிய ஜெயிச்சாங்க. மறுநாள் 7ம் தேதி கார்க், தொடர்ந்து அஞ்சாவது கப்புக்குப் போயிட்டிருந்த லிமெரிக்க நிறுத்துனாங்க. ஃபைனல் ஜூலை 21. நடுவுல முழுசா ரெண்டு வாரம்.

அந்த வருஷம் ஏன் அவ்ளோ பசின்னு சொல்லணும். கார்க் கடைசியா ஜெயிச்சது 2005. 2013 ஃபைனல் டிராவாகி ரீப்ளேல கிளேர்கிட்டயே தோத்தாங்க. 2021ல ஃபைனல் வந்தாங்க, அப்ப கொரோனா கட்டுப்பாடு, அரங்கம் பாதி காலி, லிமெரிக் பின்னிட்டாங்க. அதனால 2013க்குப் பிறகு முழு கூட்டத்தோட கார்க் ஆடப்போற முதல் ஃபைனல் இது, ஒரு தலைமுறைப் பசங்க தங்க கவுண்டி கப்பு தூக்குறத பாத்ததே இல்ல. 2022 கணக்கெடுப்புப்படி கார்க் ஜனத்தொகை 5,84,156. கிளேர் 1,27,938. கிளேர்ல எல்லாருக்கும் குடுக்கணும்னாலே அரங்கம் பத்தாது, கார்க்கப் பத்தி கேக்கவே வேணாம். அயர்லாந்துலயே அதிக கிளப் இருக்குற கவுண்டி கார்க்தான், கவுண்டி போர்டுக்கு பெரிய கட்டு வந்தாலும் இத்தன கிளப்புக்கு பிரிச்சா ஒவ்வொருத்தர் கைலயும் வந்து விழறது ரொம்பக் கொஞ்சம்.

செமி ஃபைனல் முடிஞ்ச அன்னிக்கு ராத்திரியே தம்பி எனக்கு போன் பண்ணாரு. "அண்ணே, ரெண்டு டிக்கெட் போதும், எவ்வளவுன்னாலும் பரவால்ல, பையன் விடமாட்டேங்குறான்." எவ்வளவுன்னாலும்ங்கற வார்த்தைய முதல்ல விட்டுடுங்க தம்பின்னேன். அந்த வருஷம் ஸ்டாண்ட் சீட்டு 100 யூரோ, ஹில் 55 யூரோ, அவ்ளோதான் விலை. அதுக்கு மேல யாராவது கேட்டா அது சட்டத்துக்கு எதிரானது. 2021ல அயர்லாந்துல டிக்கெட் விற்பனைச் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு, ஆயிரம் பேருக்கு மேல கொள்ளுற அரங்கம்னா அச்சடிச்ச விலைக்கு மேல மறுபடி விக்கக் கூடாது, மாட்டுனா ஒரு லட்சம் யூரோ வரைக்கும் அபராதம் இல்ல ரெண்டு வருஷம் ஜெயில். கிளப், தர்ம காரியம் மாதிரி நிதி திரட்டுறதுக்கு மட்டும் விலக்கு இருக்கு, அதனாலதான் சின்ன ஊர் கிளப் எல்லாம் ஃபைனல் டிக்கெட்ட குலுக்கல் பரிசா வச்சு அந்தக் காசுல கோல் போஸ்ட்டுக்கு வலை மாத்துறாங்க.

சரின்னு கேட்டுக்கிட்டாரு, ஆனா மனசு கேக்குமா. அடுத்த ரெண்டு நாளு நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து தூங்காம மறுவிற்பனை சைட்டா பாத்துட்டிருந்தாரு. வெளிநாட்டுல இருந்து ஓடுற சைட்டுங்க சிலதுல டிக்கெட் இருக்குற மாதிரியே காட்டும், அரங்கத்தோட படம், கலர் கலரா பிளாக், "இன்னும் ரெண்டே ரெண்டு"ன்னு ஒரு எச்சரிக்கை. அதுல நிறைய டிக்கெட் அந்த நேரத்துல யார் கைலயும் இருக்கவே இருக்காது, கிளப்புக்கே பங்கு இறங்கிருக்காது. நான் ஒண்ணுதான் கேட்டேன், கவுண்டி போர்டே இன்னும் பிரிக்கல, இவன்கிட்ட மட்டும் எப்படி வந்துச்சு? அதோட அந்த வழி முடிஞ்சுது.

அடுத்து வந்தது இதவிட ஆபத்தானது. சோஷியல் மீடியால ஒருத்தர், அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, போக முடியல, ஹோகன் ஸ்டாண்ட் ரெண்டு சீட்டு, வாங்குன விலைக்கே தரேன், ரெண்டுக்கும் சேர்த்து 200 யூரோ. இங்கதான் நிறைய பேர் விழுறாங்க. அதிக விலை சொல்லிருந்தா சந்தேகம் வந்திருக்கும், சரியான விலை சொன்னதால நல்ல மனுஷன்னு தோணிடுது. சட்டம் வந்த பிறகு ஏமாத்துறவங்களுக்கும் இது தெரிஞ்சு போச்சு, நேர்மையான விலைதான் இப்ப அவங்களோட தூண்டில். பேங்க் ஆப்ல உடனே அனுப்புங்க, இன்னும் நாலு பேரு கேக்குறாங்கன்னு அவசரம் வேற. தம்பி போன எடுத்து அனுப்பப் போற நேரத்துல அவர் வீட்டுக்காரம்மா குறுக்க விழுந்து, இந்த டிக்கெட் எந்த கிளப் மூலமா வந்துச்சு, அத மட்டும் கேளுங்கன்னாங்க. கேட்டாரு. ரெண்டு நிமிஷம் டைப் பண்ற மாதிரியே காட்டிட்டிருந்துச்சு, அப்புறம் அக்கவுண்ட்டே இல்ல.

அந்தக் கேள்விய எல்லாரும் மனசுல வச்சுக்கணும்னு நெனைக்கிறேன். ஃபைனல் டிக்கெட் கைல இருக்குற ஒவ்வொருத்தருக்கும் அது எந்த வழில வந்துச்சுன்னு ஒரு கதை இருக்கும், என் மாமா கிளப் செகரட்டரி, என் ஸ்கூலுக்கு வந்தது, ஆபீஸ் ஸ்பான்சர், ஏதோ ஒண்ணு. அந்தக் கதைய சொல்ல முடியாதவன்கிட்ட டிக்கெட் இல்லன்னு எடுத்துக்கலாம். ஒரு கிளப்புக்குக் குடுத்த டிக்கெட் கள்ள மார்க்கெட்டுக்குப் போனது தெரிஞ்சா அந்த கிளப்புக்கு அடுத்த வருஷப் பங்குல கை வைப்பாங்கங்கற பயமும் இருக்கு, அதனால கிளப் ஆளுங்க முன்னப்பின்ன தெரியாதவனுக்கு குடுக்க மாட்டாங்க, தெரிஞ்சவங்களுக்குத்தான் குடுப்பாங்க.

கிளப் ஹால்

ஃபைனலுக்கு நாலு நாளு முன்னாடி, புதன்கிழமை சாயங்காலம் கிளப்ல பங்கு பிரிக்கிறாங்கன்னு மெசேஜ் வந்துச்சு. குடும்ப மெம்பர்ஷிப் அந்த வருஷம் பிப்ரவரிலயே கட்டியிருந்தாங்க, அதனால குலுக்கல்ல பேரு போட தகுதி உண்டு. மார்ச் கடைசிக்குள்ள கட்டாதவங்க பேரு வராதுன்னு அந்த கிளப்ல கண்டிப்பா இருந்தாங்க, செமி ஃபைனல் ஜெயிச்ச மறுநாள் மெம்பர் ஆகுறேன்னு வந்த ஆளுங்களும் இருந்தாங்களாம், அத எந்த கிளப்பும் விடாது.

நானும் கூடப் போனேன். சின்ன ஹால், செவுத்துல பழைய டீம் போட்டோ, ஒரு மூலைல டீ கெண்டி, வெளில பசங்க செவுத்துல பந்த அடிச்சு அடிச்சுப் புடிக்கிற சத்தம் விடாம கேட்டுட்டே இருக்கு. செகரட்டரி ஒரு நீளமான பழைய ரெஜிஸ்டர் வச்சிருந்தாங்க. முதல்ல கவுண்டி டீம்ல இருக்குற கிளப் பையனோட வீட்டுக்கு, அடுத்து எல்லா வயசு டீமோட கோச்சுங்களுக்கு, அடுத்து மைதானத்தப் பாத்துக்கிற ஒரு பெரியவருக்கு. அந்தப் பெரியவர் பேரு சொன்னதும் ஹால்ல யாரும் ஒண்ணும் பேசல, எல்லாரும் கை தட்டுனாங்க. குளிர்காலத்துல வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி வந்து கோடு போடுற மனுஷன், மழைல சுண்ணாம்பு கரைஞ்சு ஓடுனா திரும்பப் போடுவாரு. அவருக்கு ஒரு சீட்டு இல்லன்னா இந்த சிஸ்டத்துக்கே அர்த்தம் இல்ல. ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் நேரா பேரு எழுதி கையெழுத்து வாங்குனாங்க. மிச்சம் இருந்தத மெம்பர் பேரு எல்லாம் ஒரு பழைய ஹெல்மெட்ல போட்டு சின்னப் பொண்ணு ஒருத்திய விட்டு எடுக்கச் சொன்னாங்க.

இவங்க பேரு வரல. பையன் ஜன்னல் வழியா பாத்துட்டே இருந்தான், கடைசிச் சீட்டு எடுத்து முடிச்சதும் மறுபடி போய் செவுத்துல பந்து அடிக்க ஆரம்பிச்சுட்டான், முன்னவிட வேகமா. செகரட்டரி கிளம்புற நேரத்துல தம்பிகிட்ட வந்து, "காத்திருப்பு லிஸ்ட்ல உங்க பேர எழுதுறேன், சனிக்கிழமை வரைக்கும் போன பக்கத்துல வச்சுக்கோங்க, கடைசி நேரத்துல எப்பவும் ஒண்ணு ரெண்டு திரும்பி வரும்"னு சொன்னாங்க. அவங்க சொன்னது வெறும் ஆறுதல் கிடையாது. யாருக்காவது குழந்தை பொறக்கும், யாருக்காவது காய்ச்சல் வரும், வெளிநாட்டுல இருந்து வரவேண்டியவருக்கு ஃபிளைட் தவறும், இந்த ஊர்ல அப்படி மிச்சமாகுற டிக்கெட்ட விக்க மாட்டாங்க, வந்த இடத்துக்கே திருப்பிக் குடுப்பாங்க.

அதே வாரம் நான் சொன்ன இன்னொரு வழியையும் தம்பி பாத்தாரு. ஃபெர்மனா, லெய்ட்ரிம், கேவன் மாதிரி சில கவுண்டி முழுக்க ஃபுட்பால் ஊரு, ஹர்லிங் ரொம்பக் கம்மி. ஆனா அங்க இருக்குற கிளப்புக்கும் ஹர்லிங் ஃபைனல் டிக்கெட் ஒண்ணு ரெண்டு போகும். அதே மாதிரி ஃபுட்பால் ஃபைனலுக்கு ஹர்லிங் ஊர்ல தேடணும். ஆஸ்பத்திரில இவர்கூட வேலை பாக்குற சிஸ்டர் ஒருத்தங்க அந்த மாதிரி வடக்குப் பக்க கவுண்டிக்காரங்க, அவங்க தம்பி ஊர்ல கிளப் டிரஷரர். அவங்ககிட்ட வாய் திறந்து கேக்கவே நம்ம ஆளுக்குக் கூச்சம். நாம பொதுவா அப்படித்தான், டிக்கெட் கேட்டா பிச்சை கேக்குற மாதிரி தோணும். ஐரிஷ்காரங்களுக்கு அப்படி இல்ல, ஃபைனல் வாரத்துல பாதிரியார்ல இருந்து பல் டாக்டர் வரைக்கும் எல்லாரும் எல்லார்கிட்டயும் கேப்பாங்க, இல்லன்னா இல்லன்னுடுவாங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. தம்பி அந்த சிஸ்டர்கிட்ட டீ பிரேக்ல கேட்டாரு. அவங்க அங்கயே போன எடுத்து ஊர்ல இருக்குற தன்னோட தம்பிக்கு அடிச்சாங்க.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வடக்குல இருந்து ஒண்ணு உறுதியாச்சு, டேவின் ஸ்டாண்ட், 100 யூரோ, ஒரு சென்ட் அதிகம் இல்ல. சனிக்கிழமை மத்தியானம் கிளப் லிஸ்ட்ல இருந்து ஒண்ணு வந்துச்சு, அது கியூசாக் ஸ்டாண்ட். ரெண்டு டிக்கெட் இருக்கு, ஆனா மைதானத்தோட ரெண்டு வேற வேற பக்கம். பதினோரு வயசுப் பையன எண்பதாயிரம் பேர் நடுவுல தனியா உக்கார வைக்க முடியாது.

தம்பி டிக்கெட்ட திருப்பிக் குடுத்துடலாமான்னு செகரட்டரிகிட்ட கேட்டாரு. விஷயம் பையனோட கோச் காதுக்குப் போச்சு. அந்த மனுஷனும் காலேஜ் படிக்கிற அவர் பொண்ணும் ஒண்ணா ஒரு ஜோடி சீட்டு வச்சிருந்தாங்க. அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கே வந்து, நாங்க ரெண்டு பேரும் தனித்தனியா உக்காந்துக்குறோம், பையன் அப்பாவோட உக்காந்து பாக்கட்டும்னு மாத்திக் குடுத்துட்டுப் போனாரு. அவங்க பொண்ணு அந்த நாளுக்காக வெளியூர்ல இருந்து வந்திருந்தா, அப்பாவோட சேர்ந்து பாக்கணும்னுதான் அவளுக்கும் ஆசை இருந்திருக்கும். இத எழுதும்போது எனக்கு இப்பவும் நெகிழ்ச்சியா இருக்கு.

மேட்ச் பத்தி நிறைய எழுதியாச்சு எல்லாரும், சுருக்கமா சொல்றேன். எக்ஸ்ட்ரா டைம் வரைக்கும் போய் கிளேர் 3-29, கார்க் 1-34. முன்னாடி இருக்குறது கோல், பின்னாடி இருக்குறது பாயின்ட், ஒரு கோலுக்கு மூணு பாயின்ட், அப்ப 38க்கு 37, ஒரே ஒரு பாயின்ட்ல தோத்தாங்க. கடைசி நிமிஷத்துல கார்க் ஆளோட ஜெர்சிய புடிச்சு இழுத்தத ரெஃப்ரி பாக்கலன்னு கார்க்ல இன்னும் பேச்சு ஓயல. பேட்ரிக் ஹோர்கன் மாதிரி ஒரு ஆட்டக்காரர் அத்தன வருஷம் ஆடியும் ஒரு கப்பு கைல வராம போனது அன்னிக்கு எல்லாருக்கும் வலிச்சது. அம்மா வீட்ல ஆர்டிஇ டிவில பாத்தாங்க. அப்பாவும் பையனும் டப்ளின் ஹியூஸ்டன் ஸ்டேஷன்ல இருந்து ராத்திரி ரயில்ல கார்க் திரும்புனப்ப பெட்டி முழுக்க சிவப்பு ஜெர்சி, பையன் அழுது முடிச்சுட்டு அப்பா மடில தூங்கிட்டானாம்.

இந்தக் கேஸ்ல நான் பாக்குறது

இந்தக் குடும்பத்துக்கு டிக்கெட் கிடைச்சது அதிர்ஷ்டம்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன். ரெண்டு டிக்கெட்டும் மனுஷங்க மூலமா வந்துச்சு, அந்த மனுஷங்கள இவங்க ஜூலைல தேடிப் போகல, அதுக்கு முன்னாடியே இவங்க வாழ்க்கைல இருந்தாங்க. பையன் சனிக்கிழமை காலைல மழைல ஆடப் போனது, அப்பா லைன்ல நின்னு தண்ணி பாட்டில் குடுத்தது, அம்மா கேக் விக்கிற மேஜைல நின்னது, இதெல்லாம் டிக்கெட்டுக்காக பண்ணது இல்ல. ஆனா காத்திருப்பு லிஸ்ட்ல செகரட்டரி யார் பேர முதல்ல எழுதுவாங்கன்னு அதுதான் தீர்மானிக்குது. வெறும் பணத்த வச்சு தேடுன முதல் நாலு நாள்ல கிடைச்சது ஒரு பொய் சைட்டும் ஒரு திருடனும்தான்.

அடிப்படைல இந்த ஏற்பாடு சரின்னு நான் உறுதியா நம்புறேன். பொது விற்பனைக்கு விட்டா என்ன ஆகும்னு யோசிங்க. வேகமான இன்டர்நெட், சாஃப்ட்வேர் வச்சு மொத்தமா அள்ளுறவன், டப்ளின்ல நல்ல சம்பளக்காரன், இவங்க கைக்குப் போயிடும், கோடு போடுற பெரியவர் டிவில பாப்பாரு. சம்பளம் இல்லாம ஓடுற ஒரு விளையாட்டுல உழைச்சவங்களுக்குக் குடுக்க இருக்குற ஒரே பரிசு இந்த டிக்கெட்தான்.

ஆனா ஓட்டை இல்லாம இல்ல, ரெண்டு இடம் எனக்கு நெருடுது. ஒண்ணு பிரீமியம் லெவலும் கார்ப்பரேட் பாக்ஸும். அந்தக் காசும் சேர்ந்துதான் க்ரோக் பார்க்க புதுசாக் கட்டுனாங்க, கட்டுன கடனும் அடைஞ்சுதுங்கறது நியாயமான பதில், நானும் மறுக்கல. இருந்தாலும் ஃபைனல் அன்னிக்கு இடைவேளை முடிஞ்சு ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷம் ஆகியும் அந்த நடு அடுக்குல காலி சீட்டு தெரியும்போது, ரெண்டு கவுண்டில எத்தன பசங்க வீட்ல உக்காந்திருக்காங்கன்னு வயிறு எரியுது. ஃபைனலுக்கு மட்டுமாவது அதுல ஒரு பங்க ஆடுற ரெண்டு கவுண்டியோட பசங்களுக்கு கட்டாயமா ஒதுக்கணும்.

ரெண்டாவது, கிளப்புக்குள்ள நடக்குற பங்கீடு. இந்த கிளப்ல எல்லார் முன்னாடியும் ரெஜிஸ்டர் வச்சு பண்ணாங்க. எல்லா இடத்துலயும் அப்படி இல்ல. கமிட்டில நாலு பேரு சமையலறைல உக்காந்து பிரிச்சுட்டு, இவ்ளோதான் வந்துச்சுன்னு சொல்ற இடமும் இருக்கு, அதனால அண்ணன் தம்பிக்குள்ள பேச்சு நின்னுபோன குடும்பமும் எனக்குத் தெரியும். புதுசா வந்தவங்க, அதுலயும் வெளிநாட்டுல இருந்து வந்தவங்க, நமக்கு இல்லன்னு சொன்னா ஏன்னு கேக்கத் தயங்குவாங்க. எத்தன வந்துச்சு, என்ன வரிசைல குடுத்தோம்னு ஒரு தாள ஹால் கதவுல ஒட்டுறது பெரிய வேலை இல்ல. கவுண்டி போர்டுங்க இத விதியாவே ஆக்கணும்.

2025ல கார்க் மறுபடி ஃபைனல் வந்தாங்க, ஜூலை 20, டிப்பெரரியோட. அதுக்குள்ள அம்மா கிளப்ல சின்னப் பசங்களோட மெம்பர்ஷிப் பதிவ எடுத்து நடத்த ஆரம்பிச்சிருந்தாங்க, அதனால இந்த தடவ குலுக்கலுக்கு முன்னாடியே அவங்க பேர ரெஜிஸ்டர்ல எழுதிட்டாங்க. அவங்கதான் பையனோட போனாங்க, அப்பா வீட்ல. இடைவேளைல கார்க் ஆறு பாயின்ட் முன்னாடி, ரெண்டாவது பாதில மொத்தமே ரெண்டு பாயின்ட்தான் அடிச்சாங்க, டிப்பெரரி 3-27க்கு 1-18ன்னு ஜெயிச்சாங்க. அம்மா என்கிட்ட சொன்னது, தோத்தாலும் பரவால்லண்ணே, அந்த அரங்கத்துல அவங்க டீம் உள்ள ஓடி வர்றப்ப வர்ற சத்தம் இருக்கே, அத டிவில ஒரு நாளும் கேக்க முடியாது.

இப்ப கிளப் எதுலயும் இல்லாதவங்க என்ன பண்ணலாம்னு கேட்டா, இந்த வருஷத்துக்கு செமி ஃபைனல் போங்க, தாராளமா கிடைக்கும், அதே க்ரோக் பார்க், அதே சத்தம். அதுக்கப்புறம் ஆகஸ்ட்ல வர்ற பொண்ணுங்களோட ஃபுட்பால் ஃபைனல், பொண்ணுங்க ஆடுற ஹர்லிங்கான கமோகியோட ஃபைனல் ரெண்டும் பொது விற்பனைல வரும், விலையும் ரொம்பக் குறைவு, ஆட்டம் எந்த விதத்துலயும் குறைவில்ல. 2019 லேடீஸ் ஃபுட்பால் ஃபைனலுக்கு 56,114 பேர் வந்தாங்க. குழந்தைங்கள முதல் தடவ கூட்டிட்டுப் போக இதவிட நல்ல நாள் கிடையாது. பசங்களுக்கு ஆட ஆசை வந்துட்டா ஜனவரில பக்கத்து கிளப்ல போய் பேரக் குடுங்க, ஹெல்மெட்டும் மட்டையும் முதல் சில வாரத்துக்கு அவங்களே குடுப்பாங்க, மெம்பர்ஷிப்ப மார்ச் முடியுறதுக்குள்ள கட்டிடுங்க.